களிமண்ணை விரித்தும் கைநழுவிய டேவிஸ் கோப்பை: பிரான்ஸ் போட்ட கணக்கு எங்கே தவறியது?

டென்னிஸ் உலகின் மிகப் பழைய அணிப் போட்டியான டேவிஸ் கோப்பையை ஸ்விட்சர்லாந்து 2014-ல் முதன்முறையாக வென்றது. பிரான்ஸின் லில் நகரில் ஞாயிற்றுக்கிழமை (நவம்பர் 23, 2014) முடிந்த இறுதிப் போட்டியில், சொந்த நாட்டில் ஆடிய பிரான்ஸ் 3-1 என்ற கணக்கில் தோற்றது.

தோல்வி ஒரு செய்தி என்றால், தோற்ற விதம் இன்னொரு செய்தி. எங்கே ஆடுவது, எந்தத் தரையில் ஆடுவது என்ற இரண்டையும் முடிவு செய்யும் உரிமை பிரான்ஸ் கையில்தான் இருந்தது. கால்பந்து மைதானம் ஒன்றின் கூரையை மூடி, உள்ளே களிமண் தரை போட்டார்கள். உலகின் முதல் 30 இடங்களுக்குள் இருந்த வீரர்கள் பலர் பிரான்ஸிடம் இருந்தார்கள். எதிரணியில் நம்பக்கூடியவர்கள் இரண்டே பேர். அதிலும் ஒருவருக்கு முதுகுவலி.

இவ்வளவு சாதகமும் இருந்தும் ஏன் தோற்றது? தரையைத் தேர்ந்தெடுத்ததில் தவறா, ஆட்களைத் தேர்ந்தெடுத்ததில் தவறா? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், அப்போது டேவிஸ் கோப்பை எப்படி நடந்தது?

1900-ம் ஆண்டு தொடங்கிய போட்டி இது. விம்பிள்டன், பிரெஞ்சு ஓபன் போல வீரர்கள் தனித்தனியாக ஆடுவதில்லை, நாட்டுக்காக ஆடுகிறார்கள். அப்போது ஒரு மோதலில் மொத்தம் ஐந்து ஆட்டங்கள். வெள்ளிக்கிழமை இரண்டு ஒற்றையர், சனிக்கிழமை ஒரு இரட்டையர், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மாற்று ஒற்றையர். மூன்று ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்கு வெற்றி. ஆட்டங்கள் ஐந்து செட் வரை போகலாம் என்ற நிலை இருந்தது.

இரண்டு நாடுகள் கடைசியாக மோதியபோது யார் ஊரில் நடந்ததோ, அடுத்த முறை மற்றவர் ஊரில் நடக்கும் என்பது அன்றைய முறை. 2004-ல் பிரான்ஸும் ஸ்விட்சர்லாந்தும் மோதியது ஸ்விட்சர்லாந்தில். அதனால் இந்த முறை பிரான்ஸின் முறை. போட்டியை நடத்தும் நாடுதான் தரையையும் முடிவு செய்தது. புல் தரையா, களிமண்ணா, கடினத் தரையா என்பது அவர்கள் இஷ்டமாக இருந்தது.

அப்போது அணியில் நான்கு பேருக்கு மட்டுமே இடம் இருந்தது. குலுக்கலின்போது இறுதி செய்யப்படும் அந்த நால்வருக்குள்தான் அதன்பிறகு மாற்றம் செய்ய முடிந்தது. ஒருவருக்குக் காயம் ஏற்பட்டாலும் வெளியிலிருந்து ஐந்தாவது ஆளைக் கூப்பிட முடியாமல் இருந்தது. இந்த விதி லில் நகரில் பெரிய வேலை செய்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

களிமண் தரையில் அப்படி என்ன இருக்கிறது?

பெயர்தான் களிமண். பிரெஞ்சு ஓபன் நடக்கும் ரோலன் காரோஸ் மைதானத்தில் மேலே தெரியும் அந்தச் சிவப்பு, செங்கலை அரைத்த தூள். அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதற்குக் கீழே நொறுக்கிய சுண்ணாம்புக்கல், நிலக்கரிக் கசடு, சரளை, கற்கள் என்று அடுக்கடுக்காக இருக்கும்.

இந்தத் தரையில் பந்து குத்தி எழும்போது உராய்வு அதிகம். அதனால் பந்தின் வேகம் குறைகிறது, உயரமாகவும் எழும்புகிறது. கடினத் தரையில் நேரடியாகப் புள்ளி வாங்கித் தரும் சர்வீஸ், இங்கே திரும்பி வந்துவிடும். ஒரே அடியில் முடிக்க வேண்டிய பந்துக்கு ஐந்து, ஆறு அடிகள் தேவைப்படும். பந்துக்கு மேல்சுழற்சி கொடுத்து அடிப்பவர்களுக்கும், சலிக்காமல் ஓடுபவர்களுக்கும் இது சாதகம்.

கால் வைக்கும் முறையும் வேறு. கடினத் தரையில் ஓடிப் போய் சட்டென்று நிற்கலாம். களிமண்ணில் சறுக்கிக்கொண்டே போய் அடிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பழகியவர்களுக்கு இது தானாக வரும். மற்றவர்களுக்கும் வரும், ஆனால் சில நாள் பயிற்சி வேண்டும். பிரான்ஸ் கண் வைத்தது இந்தச் 'சில நாள்' மீதுதான்.

பிரான்ஸ் போட்ட கணக்கு என்ன?

அப்போது ஸ்விட்சர்லாந்து அணி என்றால் உலகின் அன்றைய 2-ம் நிலை வீரர் ரோஜர் ஃபெடரர், 4-ம் நிலை வீரர் ஸ்டான் வாவ்ரிங்கா. அவ்வளவுதான். மற்ற இருவரான மார்கோ சியுடினெல்லி, மைக்கேல் லாமர் இருவரும் தரவரிசையில் 200-க்கு வெளியே இருந்தவர்கள்.

ஃபெடரரும் வாவ்ரிங்காவும் நவம்பர் நடுவில் லண்டனில் நடந்த ஆண்டு இறுதி டூர் போட்டியில் ஆட இருந்தார்கள். அது உள்ளரங்கக் கடினத் தரை. அங்கிருந்து நேராக லில் நகருக்கு வந்து, ஒரு வாரத்துக்குள் களிமண்ணுக்கு மாற வேண்டும். பிரான்ஸின் ஒற்றையர் வீரர்கள் யாரும் லண்டனில் ஆடவில்லை. அவர்கள் முன்கூட்டியே களிமண்ணில் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். ஃபெடரருக்கு அப்போது 33 வயது. மூன்று நாளில் மூன்று ஆட்டம், அதுவும் களிமண்ணில் ஐந்து செட் வரை என்றால் உடம்பு தாங்குமா? கணக்கு எளிது.

அந்தக் கணக்கு கிட்டத்தட்ட பலித்தும்விட்டது. லண்டன் அரையிறுதியில் ஃபெடரரும் வாவ்ரிங்காவுமே மோதிக்கொண்டார்கள். தோல்வியின் விளிம்பில் நான்கு மேட்ச் பாயின்டுகளைத் தப்பித்து ஃபெடரர் வென்றார். ஆனால் முதுகு பிடித்துக்கொண்டது. மறுநாள், நவம்பர் 16, ஜோகோவிச்சுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவர் இறங்கவே இல்லை. டேவிஸ் கோப்பை தொடங்க மீதி இருந்தது ஐந்தே நாள்.

பிரான்ஸ் ஏன் வேகமான உள்ளரங்கத் தரையைப் போடவில்லை என்ற கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. அந்த ஆண்டு இறுதிப் போட்டியை ஆறு முறை வென்றவர் ஃபெடரர். அவருக்குப் பிடித்த தரையை பிரான்ஸே விரித்துக் கொடுப்பதா? ஆக, களிமண் தேர்வு முட்டாள்தனமான முடிவு இல்லை. ஆனால் அது ஒரே ஒரு மனிதரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு.

கணக்கில் விடுபட்டது யார்?

வாவ்ரிங்கா. அந்த ஆண்டு ஏப்ரலில் களிமண்ணில் நடந்த மான்டி கார்லோ போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஆடியவர்கள் யார் தெரியுமா? இந்த இரண்டு ஸ்விஸ் வீரர்கள்தான். வாவ்ரிங்கா வென்றார், ஃபெடரர் இரண்டாவது இடம். அதே போட்டியின் காலிறுதியில் ஃபெடரரிடம் தோற்றவர், பிரான்ஸின் முதல்நிலை வீரர் ஜோ வில்ஃபிரட் சோங்கா.

பிரான்ஸுக்கு நம்பிக்கை தர வேறு விஷயங்களும் இருந்தன. மே மாதம் பிரெஞ்சு ஓபனில் வாவ்ரிங்கா முதல் சுற்றிலேயே வெளியேறினார். ஃபெடரர் நான்காவது சுற்றைத் தாண்டவில்லை. ஆனாலும் களிமண் தெரியாத அணி என்று ஸ்விட்சர்லாந்தை யாரும் சொல்லிவிட முடியாது.

மறுபக்கம், சோங்காவின் பெரிய வெற்றிகள் எங்கே வந்தன? 2008 ஆஸ்திரேலிய ஓபன் இறுதி, அதே ஆண்டு பாரிஸ் மாஸ்டர்ஸ் பட்டம், 2014 ஆகஸ்டில் டொரான்டோவில் ஃபெடரரை வீழ்த்தி வாங்கிய பட்டம். மூன்றுமே கடினத் தரை. 2013 பிரெஞ்சு ஓபனில் ஃபெடரரை நேர் செட்களில் வென்றது உண்மைதான். ஆனால் அவருடைய ஆட்டம் பெரிய சர்வீஸையும், முந்திப் பாயும் ஃபோர்ஹேண்டையும் நம்பியது. களிமண் முதலில் மழுங்கடிப்பது அந்த இரண்டையும்தான்.

ஃபெடரருக்காக விரித்த தரை, பிரான்ஸின் முதல்நிலை வீரரின் ஆயுதங்களையும் மழுங்கடித்தது. இந்தத் தோல்வியில் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

நான்கு இடம், ஆறு பேர்: யாரை விடுவது?

பிரான்ஸ் கேப்டன் ஆர்னோ கிளெமான் முன் இருந்த சிக்கல், ஆள் இல்லாத சிக்கல் இல்லை. ஆள் அதிகமாக இருந்த சிக்கல்.

சோங்கா: முதல்நிலை வீரர். தவிர்க்க முடியாது.

கேல் மோன்ஃபில்ஸ்: ஓடிப் பிடிப்பதில் மன்னன். அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபன் காலிறுதி வரை வந்தவர். ஏப்ரலில் ஜெர்மனிக்கு எதிராக 0-2 என்று பின்தங்கியிருந்த பிரான்ஸுக்கு, கடைசி ஆட்டத்தை வென்று கொடுத்தவர்.

ரிச்சர்ட் காஸ்கே: செப்டம்பர் அரையிறுதியில் செக் குடியரசின் தாமஸ் பெர்டிச்சை இதே களிமண்ணில் நேர் செட்களில் வீழ்த்தியவர். சோங்காவுடன் சேர்ந்து அந்த மோதலின் இரட்டையர் ஆட்டத்தையும் வென்றவர்.

ஜூலியன் பெனட்டோ: இரட்டையர் ஆட்டத்தில் தேர்ந்தவர். அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபன் இரட்டையர் பட்டம் வென்றவர்.

எட்வார்ட் ரோஜர் வசேலின்: அந்த இரட்டையர் பட்டத்தில் பெனட்டோவின் கூட்டாளி.

ஜில் சிமோன்: நீண்ட நேரம் பந்தைத் திருப்பி அனுப்பி எதிராளியைச் சோர்வடைய வைப்பவர். முன்பு ஃபெடரரை இரண்டு முறை வென்றிருக்கிறார்.

கிளெமான் முதல் நான்கு பேரை எடுத்தார். மூன்று ஒற்றையர் வீரர்கள், ஒரு இரட்டையர் வீரர். பிரெஞ்சு ஓபன் வென்ற ஜோடி பாதியாகப் பிரிந்தது. அதை முழுதாக வைத்திருந்தால், சோங்கா, மோன்ஃபில்ஸ், காஸ்கே மூவரில் ஒருவரை வெளியே நிறுத்தியிருக்க வேண்டும். ஒற்றையருக்கு மூன்று பேர் இருந்தால் ஒருவர் களைத்தாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் நினைப்பு. அதிலும் நியாயம் இருந்தது.

மூன்று நாளில் என்ன நடந்தது?

வெள்ளிக்கிழமை லில் மைதானத்தில் 27,432 பேர். அதிகாரப்பூர்வமான டென்னிஸ் போட்டி ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை வந்ததிலேயே அதிகமான கூட்டம். முதல் ஆட்டத்திலேயே வாவ்ரிங்கா 6-1, 3-6, 6-3, 6-2 என்று சோங்காவை வீழ்த்தினார். மைதானம் அடங்கிப் போனது.

அடுத்து மோன்ஃபில்ஸ். அரையிறுதியில் ஜொலித்த காஸ்கேயை விட்டுவிட்டு இவரை ஒற்றையருக்கு இறக்கியது கிளெமானின் துணிச்சலான முடிவு. அது அருமையாகப் பலித்தது. முதுகுவலியோடு வந்த ஃபெடரர் பந்துக்குப் போய்ச் சேரவே திணறினார். 6-1, 6-4, 6-3 என்று மோன்ஃபில்ஸ் வென்றார். 1-1.

இப்போது ஸ்விஸ் கேப்டன் செவரின் லூத்தி முடிவெடுக்க வேண்டும். ஃபெடரரை சனிக்கிழமை ஓய்வெடுக்க விடுவதா, இரட்டையருக்கு இறக்குவதா? ஃபெடரரும் வாவ்ரிங்காவும் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜோடி. ஆனால் அந்த ஆண்டு ஏப்ரலில் கஜகஸ்தான் ஜோடியிடம்கூட தோற்றிருந்தார்கள். லூத்தி இருவரையும் இறக்கினார்.

பிரான்ஸ் தரப்பில் சோங்காவுக்குக் கைவலி. அரையிறுதியில் வென்ற சோங்கா, காஸ்கே ஜோடிக்கு வழி இல்லை. பெனட்டோவும் காஸ்கேயும் ஆடினார்கள். 6-3, 7-5, 6-4 என்று ஸ்விஸ் ஜோடி வென்றது. ஐந்து செட்டுக்கு இழுத்து ஃபெடரரைக் களைப்படைய வைக்க பிரான்ஸுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு அது. ஒரு செட்கூட கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை பிரான்ஸின் கையில் என்ன மீதி இருந்தது? முதல் ஆட்டம் சோங்கா, ஃபெடரர். சோங்காவால் ஆட முடியாது. வெள்ளிக்கிழமை ஃபெடரரை வென்ற மோன்ஃபில்ஸை இங்கே மாற்றிப் போடலாமே என்று ரசிகர்கள் கேட்கலாம். விதி அதற்கு இடம் தரவில்லை. மோன்ஃபில்ஸ் இரண்டாம் நிலை வீரராகப் பதிவானவர். அவர் வாவ்ரிங்காவுடன்தான் ஆட வேண்டியிருந்தது. சிமோன் நால்வரில் இல்லை. மீதி இருந்தது காஸ்கே, பெனட்டோ. இருவரும் முந்தைய நாள் தோற்றவர்கள்.

கிளெமான் காஸ்கேயை எடுத்தார். அதற்கும் ஒரு காரணம் சொல்லலாம். காஸ்கே அதுவரை ஃபெடரரை இரண்டு முறைதான் வென்றிருந்தார்: 2005 மான்டி கார்லோ, 2011 ரோம். இரண்டுமே களிமண். ஆனால் லில் நகரில் எதிரே நின்றது, இரண்டு நாள் ஆடி களிமண்ணில் கால் பழகிவிட்ட ஃபெடரர். 6-4, 6-2, 6-2. ஆட்டம் முடிந்தது. கோப்பையும் போனது.

வெள்ளிக்கிழமை தோல்வியும் சனிக்கிழமை வெற்றியும் சேர்ந்து ஃபெடரருக்குப் பயிற்சி ஆட்டங்களாக அமைந்துவிட்டன. களிமண்ணுக்கு மாற அவருக்கு நேரம் இருக்காது என்பதுதான் பிரான்ஸின் கணக்கு. அந்த நேரத்தை மோதலுக்குள்ளேயே அவர் எடுத்துக்கொண்டார்.

பிரான்ஸுக்கு இது புதுசா?

இல்லை. இதுதான் இந்தக் கதையில் யோசிக்க வைக்கும் பகுதி. சொந்த நாட்டில், உள்ளரங்கக் களிமண்ணில், டேவிஸ் கோப்பை இறுதியில் பிரான்ஸ் தோற்றது அது மூன்றாவது முறை.

1999, நீஸ் நகரம். ஆஸ்திரேலியாவின் மார்க் பிலிப்போசிஸ் சர்வீஸை நம்பி ஆடுபவர், அவரைக் களிமண்ணில் முடக்கிவிடலாம் என்பது எதிர்பார்ப்பு. அவர் தன் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் வென்றார். ஆஸ்திரேலியா 3-2.

2002, பாரிஸ். ரஷ்யாவுக்கு எதிராக 2-2. கடைசி ஆட்டத்தில் ரஷ்யக் கேப்டன் ஷமில் தார்பிஷ்சேவ், முன்னாள் முதல்நிலை வீரர் கஃபெல்னிகோவை உட்கார வைத்துவிட்டு, 20 வயது மிகைல் யூஷ்னியை இறக்கினார். பிரான்ஸின் பால் ஹென்றி மத்தியூ முதல் இரண்டு செட்களை வென்ற பிறகு, யூஷ்னி மீண்டு வந்து ஐந்து செட்களில் ஜெயித்தார். கோப்பை ரஷ்யாவுக்கு.

இதில் ஒரு முரணும் உண்டு. அதற்கு முன் பிரான்ஸ் கடைசியாகக் கோப்பையை வென்றது 2001-ல், ஆஸ்திரேலிய மண்ணில். அன்று ஆஸ்திரேலியா தங்களுக்குச் சாதகம் என்று மெல்போர்னில் புல் தரை போட்டது. அதே புல்லில் நிகோலஸ் எஸ்குடே ஆஸ்திரேலியாவைச் சாய்த்தார். தரையை வைத்து மட்டும் ஜெயிக்க முடியாது என்று அன்று காட்டியது பிரான்ஸ்தான்.

இந்திய ரசிகர்களுக்கும் ஒரு நினைவு இருக்கும். 1993-ல் ஃப்ரெஜூஸ் நகரில் களிமண்ணில் நடந்த காலிறுதியில், சென்னையின் ரமேஷ் கிருஷ்ணனும் லியாண்டர் பயஸும் ஆடிய இந்திய அணி பிரான்ஸை 3-2 என்று வீழ்த்தியது. ஹென்றி லெகான்ட், ஆர்னோ போட்ச் இருவரையும் அவர்கள் ஊரிலேயே பயஸ் வென்றார். களிமண்ணில் இந்தியாவுக்கு வேலை இல்லை என்று நினைத்தவர்களுக்குக் கிடைத்த பதில் அது.

அப்படியானால் களிமண் தேர்வு எப்போது பலிக்கும்?

1987 இறுதிப் போட்டி ஒரு பதில் சொல்கிறது. புல் தரையில் அர்ஜென்டினாவையும் ஆஸ்திரேலியாவையும் சாய்த்துவிட்டு வந்த இந்தியாவை, ஸ்வீடன் கோத்தன்பர்க் நகரில் உள்ளரங்கக் களிமண்ணில் வரவேற்றது. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் மூவருமே சென்னைக்காரர்கள்; புல்லில் அழகாக ஆடுபவர்கள். எதிரே இருந்தது பிரெஞ்சு ஓபனை அதற்குள் இரண்டு முறை வென்றிருந்த மேட்ஸ் விலாண்டர். முடிவு 5-0.

2004 செவில் நகரம் இன்னொரு பதில். அமெரிக்காவுக்கு எதிராக ஸ்பெயின் களிமண் போட்டது. ஸ்பெயினின் தேர்வுக் குழு ஒரு பெரிய முடிவெடுத்தது. ஓராண்டுக்கு முன்பு உலகின் முதல் நிலையில் இருந்த ஹுவான் கார்லோஸ் ஃபெரேரோவை முதல் நாள் ஒற்றையரில் இருந்து ஒதுக்கிவிட்டு, தரவரிசையில் 51-ம் இடத்தில் இருந்த 18 வயதுப் பையனை இறக்கினார்கள். எதிராளி உலகின் 2-ம் நிலை வீரர் ஆண்டி ரோடிக். முதல் செட்டை இழந்த அந்தப் பையன் அடுத்த மூன்று செட்களையும் வென்றான். பெயர் ரஃபேல் நடால். அந்த ஆண்டு அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராகவும் வெற்றிப் புள்ளியைப் பெற்றுத் தந்தது நடால்தான். அன்று அவரிடம் தோற்றவர், 2014-ல் பிரான்ஸ் கேப்டனாக இருந்த ஆர்னோ கிளெமான்!

ஸ்வீடனும் ஸ்பெயினும் ஒரே விஷயத்தைச் செய்தன. எதிராளிக்கு எது பிடிக்காது என்பதற்கு முன்னால், தங்கள் ஆட்களுக்கு எது நன்றாக வரும் என்று பார்த்தன. ஸ்பெயினில் யாரை மாற்றி யாரைப் போட்டாலும் களிமண்ணில் வளர்ந்தவராகவே இருப்பார். ஒருவர் போனால் இன்னொருவர். தரைக்கும் ஆளுக்கும் இடையே இழுபறி இல்லை.

பிரான்ஸுக்கு அந்த வசதி இருக்கவில்லை. பிரெஞ்சு ஓபனை நடத்தும் நாடு என்றாலும், 1983-ல் யானிக் நோவாவுக்குப் பிறகு அந்தப் பட்டத்தை எந்தப் பிரெஞ்சு ஆண் வீரரும் வென்றதில்லை. அன்றைய வீரர்களும் ஆளுக்கொரு பாணி. களிமண் மோன்ஃபில்ஸுக்குக் கைகொடுத்தது. சோங்காவுக்குக் கைகொடுக்கவில்லை. தரையைத் தேர்ந்தெடுத்த அன்றே அணியில் பாதி தேர்வாகிவிட்டது. ஆனால் அந்தப் பாதிக்கு ஏற்றபடி மீதி அணி அமையவில்லை.

எல்லாப் பழியும் தேர்வு மீதா?

அப்படியும் சொல்ல முடியாது. சோங்காவின் கை நன்றாக இருந்திருந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேறு மாதிரி போயிருக்கலாம். ஃபெடரரின் முதுகு இன்னும் இரண்டு நாள் வலித்திருந்தால் அன்று கிளெமானைப் பாராட்டியிருப்பார்கள். அந்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓபன் சாம்பியனான வாவ்ரிங்கா, ஆடிய இரண்டு நாளும் சறுக்கவே இல்லை. அதற்குத் தரை எதுவானாலும் மருந்து இல்லை.

ஆனாலும் அன்று ஒரு கேள்வி நின்றது. 2014 வரையிலான 15 ஆண்டுகளில் மூன்று இறுதிப் போட்டிகளில் ஒரே தரை, ஒரே முடிவு. எதிராளியின் பலவீனத்தைத் தேடுவதற்குப் பதில் சொந்தப் பலத்துக்கு ஏற்ற தரையை பிரான்ஸ் எப்போது போடும்?

அடுத்து என்ன?

2015 மார்ச்சில் நடந்த முதல் சுற்றில் பிரான்ஸ் மோதியது ஜெர்மனியுடன். 2014-ல் இரு அணிகளும் பிரான்ஸில் ஆடியதால், அந்த மோதல் ஜெர்மனியில். தரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஜெர்மனிக்கே. கிளெமான் அந்த முறை ஆட்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும் என்ற நிலை.